எந்தக் கையால வெட்டினே?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். கணவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு வேலை. மகனுக்கு நாலு வயது. இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் முன்பாதியில் நடந்த நர்சரியில் அவனைச் சேர்த்திருந்தோம்.

பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலால் அவனுக்கு வலது கை சரியாக வேலை செய்யாது. விரல்கள் மடங்கும், விரிக்கச் சொன்னால் விரியாது. "மருந்து ஒண்ணும் கிடையாதும்மா, கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நானும் கொடுத்துப் பார்த்தேன். பந்தைக் கொடுத்தால் இடது கையால் வாங்குவான். கட்டாயப்படுத்தினால் அழுவான். நாளடைவில் அந்தக் கையை டிராயர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நடக்கப் பழகிவிட்டான். யாராவது "கையை வெளியே எடுடா" என்றால் அந்த இடத்தை விட்டே போய்விடுவான்.

நர்சரியை நடத்திய மிஸ் இதைப் பற்றி என்னிடம் அதிகம் பேசவில்லை. சேர்த்த அன்று கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அங்கே ஏ பி சி டி எழுதுவதைவிட மற்ற வேலைகள்தான் அதிகம். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து இன்னொரு கிண்ணத்தில் பிழிவது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது, சப்பாத்தி மாவு உருட்டுவது, பழைய பேப்பரைக் கிழிப்பது. "இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?" என்று என் கணவர் கேட்டதுண்டு. எல்லாப் பிள்ளைகளும் செய்ததால் என் மகனும் செய்தான். அவனுக்கென்று தனியாகச் செய்யச் சொல்லியிருந்தால் கையைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டிருப்பான்.

அதற்கப்புறம் கத்திரிக்கோல் வந்தது. முனை மழுங்கிய, பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்திரிக்கோல். வலது கைக்கென்று செய்தது என்பதால், இடது கையில் பிடித்தால் பேப்பர் வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். அதனால் அவனுக்கு வேறு வழியில்லை. வலது கை விரல்களை நுழைத்து ஒரு தடவை அழுத்திவிடுவான். திறக்க வராது. இடது கையால் பிரித்துவிட்டு மறுபடி அழுத்துவான். மாதக்கணக்கில் இப்படியே போனது. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த காகிதங்களில், ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு அடையாளம் மட்டும் இருக்கும்.

ஒரு நாள் காலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நர்சரி ஆயா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"யக்கா, மிஸ் உன்ன கையோட இட்டாரச் சொல்லிச்சு. உன் புள்ள ஒரு பொண்ணு சடையக் கட் பண்ட்டான்க்கா. பெரிய பேஜாரா பூடுச்சு."

"அந்தப் பொண்ணுக்குக் காயமா?"

"காயம்லாம் ஒண்ணும் இல்ல, முடிதான். ஆனா அது சாமி முடியாம்க்கா. அவுங்க அம்மா வந்து குந்திக்கினு கீது."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். வழியில் ஆயா விவரம் சொன்னார். அந்த வீட்டில் முதல் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் இறந்துவிட்டது. இரண்டாவதாகப் பிறந்தவள் இந்தப் பெண். ஐந்து வயது வரை இவள் தலையில் கத்தி படக்கூடாது, ஐந்து முடிந்ததும் குலதெய்வம் கோயிலில் மொட்டை என்று வேண்டுதல். ஐந்து முடிய இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி.

உள்ளே போனபோது அந்தப் பெண் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கச் சடை இடுப்பு வரை தொங்கியது. இன்னொன்று தோளோடு நின்றிருந்தது. வெட்டுப்பட்ட துண்டு, கட்டிய ரிப்பனோடு அவள் அம்மாவின் மடியில் கிடந்தது. மிஸ் கதை சொல்லும்போது என் மகன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறான். யாரோ சடையைப் பிடித்து விளையாடுகிறார்கள் என்று அவள் பேசாமல் கதை கேட்டிருக்கிறாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரியோரம் நின்றிருந்த என் மகனைக் கூப்பிட்டார்.

"இங்க வா. எந்தக் கையால வெட்டினே?"

அடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அடிக்கட்டும், தடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அவன் நெருங்கிப் போய், பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். விரல்கள் விரிந்திருந்தன. முழுசாக இல்லை, ஆனால் விரிந்திருந்தன. கேட்ட உடனே அவன் அந்தக் கையைக் காட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க எதுக்கு அழறீங்க? நான்தான் அழணும்" என்றார் அவர்.

அதற்கு மிஸ்தான் பதில் சொன்னார். "இவனுக்கு அந்தக் கை வராதும்மா. மூடத் தெரியும், திறக்கத் தெரியாது. அந்தக் கத்திரிக்கோல் பேப்பரையே சரியா வெட்டாது. இவ்வளவு முடிய வெட்டணும்னா எத்தனை தடவை மூடி மூடித் திறந்திருக்கணும்! தப்பு என்னோடதுதான். கத்திரிக்கோல எண்ணி வாங்கி வெச்சிருக்கணும்."

அந்த அம்மா என் மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவருடைய வேண்டுதலைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டேன்.

முடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினார். வாசல் கேட் வரை போனவர் திரும்பி மிஸ்ஸிடம் சொன்னார்.

"இதுக்காக அந்தப் பையன்கிட்டேர்ந்து கத்திரிக்கோல வாங்கி வெச்சிடாதீங்க. குடுங்க. என் பொண்ணு பக்கத்துல மட்டும் அவனை உட்கார வெக்காதீங்க."

சாயந்தரம் கணவரும் நானும் பழம் வாங்கிக்கொண்டு மாடம்பாக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அப்பா எங்களை உட்காரச் சொன்னார். கோயில் பூசாரியிடம் கேட்டாகிவிட்டது, வரும் ஞாயிற்றுக்கிழமையே மொட்டை போட்டு, வெட்டின முடியையும் சேர்த்துச் செலுத்திவிடலாம் என்று சொன்னாராம். நாங்களும் கூட வரலாமா என்று கேட்டேன். அந்த அம்மா "வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை அந்தப் பெண் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனபடியே மிஸ் என் மகனுக்கு வேறு பாய் போட்டிருக்கிறார். அவளே எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் கூட்டிப்போக வந்த அவள் அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். மகளைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. நானும் அப்போது வாசலில்தான் நின்றிருந்தேன், மகளைக் கூட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

அதற்கப்புறம் பஸ் ஸ்டாப்பில் எத்தனையோ தடவை எதிரெதிரே பார்த்திருக்கிறோம். தலையை அசைப்பார். சிரிக்க மாட்டார். அடுத்த வருடம் அவர் கணவருக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

என் மகன் வலது கையால்தான் எழுதினான். எழுத்து கோணல். சட்டைப் பொத்தான் போட இன்றும் மற்றவர்களைவிட நேரமாகும். ஆனால் போட்டுக்கொள்கிறான்.

அந்த அம்மா எங்களை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. தன் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கோபம் கொஞ்சமும் தணியாமலே, என் பிள்ளைக்கு வேண்டியதையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு யார்மேலாவது தீராத கோபம் வரும்போதெல்லாம், என்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று யோசிக்கிறேன்.