எழுந்து உட்கார இடம்

வெண்டல் பியர்கேயைத் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவருடைய இன்னொரு வேலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிழக்கு மொன்டானாவின் அந்தக் கோடியில், பண்ணை வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் போன் ஷெரிப்புக்கு, அடுத்த போன் வெண்டலுக்கு. மரண விசாரணை பார்க்கிற கொரோனர் பதவிக்குத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க இதுவரை ஒருவருக்கும் ஆசை வந்ததில்லை. அதற்கென்று தனி வண்டி வாங்கித்தரும் வசதியும் அந்தக் கவுண்ட்டிக்கு இல்லை. அவரே போய் நாடி பார்த்து, இறந்ததை உறுதிசெய்து, உடலைத் தன் சொந்த பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றி, டவுனில் சவப்பெட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மறுபடி எடை மேடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

பழைய பிக்கப்பைத் துரு தின்றுவிட்டது. புதிது வந்ததும் அதன் பின்பகுதியை எதனால் மூடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. டாப்பரா, டொன்னோவா?

டாப்பர் என்றால் பின்னால் ஒரு சின்ன அறை மாதிரி. டிரைவர் அறையின் கூரை அளவுக்கு உயரம், மூன்று பக்கமும் கண்ணாடி. டொன்னோ அப்படியில்லை. இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய கறுப்புப் போர்வை. வேண்டாதபோது பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளலாம். பழைய வண்டியில் இருந்தது டாப்பர். அதையே போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கடைக்காரர் கர்பி கேட்டார். வெண்டல் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எதப் போட்டா என்னப்பா, ஒன் சவாரிங்க கொறை சொல்லப்போறாங்களா?" என்றார் கர்பி.

வெண்டல் சிரிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் நடந்தது அவருக்கு மறக்கவில்லை. தனிக்கட்டையாக வாழ்ந்த ஹால்மர் என்ற கிழவர் தன் சமையலறையில் இறந்துகிடந்தார். வெண்டல் அவரைப் போர்த்தி, மார்பில் ஒரு வார், காலில் ஒரு வார் போட்டு ஸ்ட்ரெச்சரோடு கட்டி, பழைய வண்டியில் ஏற்றி வந்தார். சரளைச் சாலையில் எதிரே தபால்காரி லியோனாவின் ஜீப் வந்தது. அந்தப் பக்கத்தில் எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் போனால் பகை என்று அர்த்தம். அவர் தூக்கினார். லியோனாவும் தூக்கினாள். டவுனில் பின்கதவைத் திறந்தபோது மார்பு வார் அவிழ்ந்து கிடந்தது. சாலையில் அத்தனை குழி, குலுங்கலில் கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காபிக் கடையில் லியோனா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா வெண்டல், வயசான மனுசன அந்தக் குளிர்ல பின்னாலயா உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போவ? முன்னால எடமில்லையா?"

"யாரச் சொல்ற?"

"ஹால்மரத்தான். ஜன்னலோரமா உக்காந்திருந்தாரே. நான் வெரலத் தூக்கினேன், அவரும் தூக்கினாரு."

ஹால்மர் இறந்த செய்தி அவளுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. வெண்டல் சொன்னதும் அவள் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள், எழுந்து போனாள். அதன்பிறகு அந்தச் சாலையில் அவள் ஜீப்பை யாரும் பார்க்கவில்லை, சுற்றுவழியில் போனாள்.

அன்றிலிருந்து வெண்டல் ஆள் ஏற்றிவரும்போது ரியர்வியூ கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவார். டாப்பரில் எழுந்து உட்கார இடம் இருக்கிறது. டொன்னோவில் இல்லை. அவரைப் பொறுத்தவரை கணக்கு அவ்வளவுதான்.

அண்ணன் மைலோ மட்டும் இல்லையென்றால் கர்பியின் கடைக்குப் போன அன்றைக்கே முடிவு எடுத்திருப்பார். சிறுவயதில் மைலோ தகரக் குதிருக்குள் கோதுமைக்கு அடியில் போய்விட்டவர். அக்கம்பக்கத்தார் தகரத்தை வெட்டி எடுத்தபோது வாயிலும் மூக்கிலும் தானியம். அதற்கப்புறம் அவர் தலைவழியாகச் சட்டை போட்டதில்லை, பொத்தான் சட்டைதான். போர்வை மார்புக்கு மேலே ஏறினால் உதைத்துத் தள்ளிவிடுவார். இப்போது நுரையீரல் கெட்டு, படுக்கையோடு கிடந்தார்.

"டேய், என்னையும் நீதான ஏத்திட்டுப் போவ?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேற யாரு இருக்கா?"

"மூஞ்சிக்கு மேல மூடி வேணாம்டா. டாப்பர் போடு."

"செத்தப்புறம் ஒனக்கு என்னண்ணே தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

வெண்டல் சரி என்று தலையாட்டினார். ஆனால் மறுபடி கர்பியின் கடையில் நின்றபோது அவர் வாயிலிருந்து வந்தது டொன்னோ. டாப்பர் வந்துவிட்டதா என்று மைலோ கேட்டபோது, வந்துவிட்டது என்றார். ஜன்னல்வரை எழுந்து வந்து பார்க்கிற தெம்பு அண்ணனுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மைலோ ஒரு பனி நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனார். ஷெரிப்பின் ஆள் ஒரு கை பிடிக்க, தலை டிரைவர் பக்கம் இருக்கும்படி ஏற்றினார்கள். வார்களை வெண்டல் தன் கையாலேயே இறுக்கினார். டொன்னோவை இழுத்து மூடி, ஓரமெல்லாம் அழுத்தினார்.

கால்நடை வேலியைத் தாண்டியதும் முதுகுப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். கண்ணாடியைத் திருப்பக்கூடாது என்றுதான் இருந்தார். கை தானாகப் போனது. கறுப்புப் போர்வை, தன் முதுகுக்கு நேர் பின்னால் ஓரிடத்தில் மட்டும், கீழிருந்து முட்டி எழும்பியிருந்தது. காற்று, என்று நினைத்தார். ஓடுகிற வண்டியில் காற்று போர்வையைத் தூக்கத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்தார். அது தாழவில்லை. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். வெளியே காற்றே இல்லை; பனி நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மேடு அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது, மூச்சுக்குத் திணறுகிறவரின் மார்பு மாதிரி.

திரும்பிப் பார்க்காமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் டவுன். கை சாவியின் மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார்.

"கொஞ்சம் பொறுண்ணே," என்றார். "தொறந்துடறேன்."

விரல் மரத்துப்போய் கொக்கிகள் வரமாட்டேன் என்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போர்வையை முன்பக்கம்வரை சுருட்டினார். மைலோ வைத்தது வைத்தபடி படுத்திருந்தார். கால் வார் இறுக்கமாக இருந்தது. மார்பு வார் இருபுறமும் விழுந்துகிடந்தது. முகத்திலிருந்து துணியை வெண்டல் மார்புவரை இறக்கிவிட்டார். மறுபடி மூடவில்லை. வானத்தைப் பார்க்க வைத்து அப்படியே ஓட்டினார்.

டவுனுக்குள் நுழைந்தபோது கடைவாசலில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். சவப்பெட்டிக்காரர் ரூபன் ஓடிவந்து, இப்படியா திறந்துபோட்டுக் கொண்டுவருவாய் என்று கடிந்துகொண்டார். பாதியில் அவர் கண் வண்டியின் பின்பகுதிக்குப் போனது.

பின்பகுதி முழுக்கப் பனி மூடியிருந்தது. சுருட்டிய போர்வை மேல், ஸ்ட்ரெச்சர் மேல், மைலோவின் தாடி மேலெல்லாம். தலைமாட்டில், டிரைவர் பக்கச் சுவரை ஒட்டி, ஓரிடத்தில் மட்டும் பனி இல்லை. ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் பிடிக்கிற அகலம். அங்கே தகரம் உலர்ந்து கிடந்தது.

"இங்க என்ன வெச்சிருந்த?" என்றார் ரூபன்.

வெண்டல் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கர்பி கடை திறப்பதற்குள் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். டொன்னோவைக் கழற்றச் சொன்னார். டாப்பர்களில் உயரம் குறைந்தது, கூடியது என்று பலவகை இருப்பதாகக் கர்பி சொல்லி, எது வேண்டும் என்று கேட்டார்.

"உள்ள ஒரு ஆள் உக்காந்தா தல இடிக்கக் கூடாது," என்றார் வெண்டல்.

கர்பி வாயைத் திறந்தார். வெண்டலின் முகத்தைப் பார்த்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார்.