தண்ணீரில் கரைந்த வானத்துக் கல்

தாரும் புளித்த பாலும் கலந்தாற்போன்ற ஒரு வாடை. அதை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது. மேலூருக்கு அருகே எங்கள் கிணற்றடி வயலில், ஒரு பிற்பகலில் இடியோசையோடு வானிலிருந்து விழுந்த கல்லின் வாடை அது. தேங்காய் அளவே இருந்த அந்தக் கரிய கல்லை எங்கள் வீட்டார் வழிபட்டதைக் கொண்டு எங்களை அறிவிலிகள் என எவரும் எண்ணிவிட வேண்டாம். எனக்குப் பின் இருமுறை கருக்கலைந்து, என் தாய் மீண்டும் கருவுற்றிருந்த வேளை அது.

“வானத்துச் சூடு வயித்துல ஏறிரும். கல்லக் குளிர வைக்கணும்” என்றார் பெரியம்மா. பருவமெய்தாத பெண் கையால் ஊற்றினால்தான் குளிரும் என்பதால், மஞ்சள் பூசிக் கிணற்றுமேட்டில் நிறுத்திய அக்கல்லுக்குக் காலைதோறும் பாலும் ‘கொடத்துத் தண்ணி’யும் வார்க்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. குவாரியில் பாறை உடைத்த மாமா மட்டும், “எம்புட்டுக் கல்லு ஒடச்சிருக்கேன், இந்தக் கரித்துண்டுக்கா பயப்படுற அக்கா?” என்று நகைத்தார். அம்மா நகைக்கவில்லை.

கல் முதலில் வெடிப்பு விட்டது. பின்னர் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு காலையில் நான் குடத்தைச் சாய்த்தபோது, எல்லார் கண்முன்னும் கருஞ்சேறாகக் குழைந்து வாய்க்காலில் ஓடியது. பெரியம்மா என்னை ஏசவில்லை. அம்மாவின் வயிற்றைத்தான் பார்த்தார். அன்று முதல் அம்மா குனிந்தாலும் இருமினாலும் நானும் அவர் வயிற்றையே பார்த்தேன்; அவர் குளிக்கப் போனால் கதவருகே நின்று, அவர் மேனியில் தண்ணீர் விழும் ஓசை நிற்கும்வரை, வயிற்றுப் பிள்ளையும் கரைந்துவிடுமோ என்று காத்துக் கிடந்தேன்.

தம்பி நலமாகப் பிறந்தான். “கல்லு எங்கயும் போகலக்கா, இந்தா கெடக்கு, அதே கருப்பு” என்று பிள்ளையைக் காட்டி மாமா சொன்னபோதுதான் அம்மா சிரித்தார்.

அந்த வயல் இன்று குவாரிப் பள்ளம்; அம்மா, பெரியம்மா, மாமா எவருமில்லை. அண்மையில் விளாங்குடியில், விண்கற்கள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில், பஞ்சில் பொதிந்த நகத்தளவு கறுப்புத் துணுக்கொன்றைக் கண்டேன். கல்வகை விண்கற்களுள் கரிமம் செறிந்த இவ்வகை அரிதென்றும், அவற்றுள் சில நீர் பட்டாலே குலைந்துவிடுவதால், மழைக்கு முன் கைக்கு வந்த துணுக்குக்காகச் சேகரிப்போர் தவம் கிடக்கிறார்கள் என்றும் விளக்கிய அவர், எங்கள் கதையைக் கேட்டு, “ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்கலையாம்மா?” என்று அங்கலாய்த்தார்.

உடன் வந்திருந்த என் தம்பி, பேரன் பேத்தி எடுத்தவன், அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்க்கும் ஆவலில் விரலை நீட்டினான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.