வேலைக்கு முன் எடுத்த படம்

உனக்கு எதற்கு இந்த வம்பு? ஏரிக்கரையில் பலகை நிற்கிறது, சங்கத்தை மட்டும் காணோமே என்று கேட்கிறாய். தின்றோமா படுத்தோமா என்று இல்லாமல் ஊர்க்கதை கேட்கிற ஆளைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரிகிறது. சரி, வந்துவிட்டாய், உட்கார். கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் மட்டும் சொல். நான் எழுந்துவிடுவேன்.

மலையில் பெய்கிற மழை ஓடை வழியாக எங்கள் ஏரிக்குத்தான் வரும். கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் தெரு. தெருக்கோடியில் கரையை ஒட்டிய வீட்டில் என் வீட்டுக்காரரின் தங்கை, இடுப்பு விழுந்து படுக்கையில் கிடந்தாள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போய்விடும். கலங்கல் அடைத்துக்கொண்டால் கரையை உடைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதனால் புரட்டாசி வந்தால் தெருவே சேர்ந்து கலங்கலில் மண்டிய வேலிகாத்தான் முள்ளை வெட்டி, மண்ணை வாரி எறிவோம். கூலி கிடையாது. கூழ் உண்டு, கேலி உண்டு.

அந்த வருஷம், இப்படி வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்றார்கள். உடனே நாங்கள் சங்கமானோம். பதிவு, முத்திரை, வங்கிக் கணக்கு, பலகை. பக்கத்து வீட்டு மருமகள் பத்தாவது படித்தவள், அவளே தலைவி.

பழக்கத்தில், பணத்துக்குக் காத்திராமல் கலங்கலைச் சுத்தமாக வெட்டி முடித்துவிட்டோம். மறுநாள் தலைவி மூச்சிரைக்க வந்தாள்.

"ஆயா, கெட்டுது போங்க. வேலைக்கு முன்னாடி எப்டி இருந்துச்சின்னு போட்டோ வேணுமாம். சுத்தமா கீற எடத்துக்குப் பணம் இல்லியாம்."

"அதுக்கு இன்னாடி பண்றது?"

"வெட்னத எல்லாம் திரும்பப் போட்ணும்."

தெருவே சிரித்தது. முள்ளை இழுத்து வந்து போட்டு, மண்ணை அள்ளி அணைத்தோம். "குளிப்பாட்டி வெச்ச பொண்ணுக்கு சேறு பூசி, பொண்ணு பாக்கக் கூப்புடுறோம்டி," என்றேன். படத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று மிதித்து வேறு கெட்டிப்படுத்தினோம். தானாக அடைக்கிற அடைப்பைவிட எங்கள் அடைப்பு பெரிதாகிவிட்டது.

சங்கராபுரத்திலிருந்து வந்த அதிகாரி சின்ன வயசு, நல்ல பெண். ஃபோனில் படம் எடுத்தாள்.

"மேல இருந்து உத்தரவு வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க. தொட்டா இந்தப் படம் செல்லாது. சங்கத்தையும் தள்ளி வெச்சிடுவாங்க."

"மழ வந்தா?"

"நான் என்னம்மா பண்றது? எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க."

"மழைக்கும் மேலயா கீறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. மலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

உத்தரவு வரவில்லை. மழை வந்தது. எங்களுக்கு இல்லை, மலைக்கு. தெருவில் வெயில் காய்ந்தது. ஓடையில் செம்மண் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தபடி இருந்தது. ஏரி பெருத்துக்கொண்டே போனது. கரைப் பொந்து எலிகள் பட்டப்பகலில் எங்கள் தெருவில் ஓடின. நாய்கள் அவற்றைத் துரத்தவில்லை. தலைவி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "இன்னும் வர்லியாம்," என்பாள்.

ஒரு மத்தியானம் நாத்தனாருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணி, செவுரு வேர்க்குது."

"உன்னப் பாத்து பயந்துக்கினு வேர்க்குது."

"வெளாடாத. உள்ள இன்னாவோ பேசிக்கினு கீது."

காதை வைத்தேன். தண்ணீர் பேசிக்கொண்டுதான் இருந்தது.

ஆட்களைக் கூப்பிட்டு அவளைக் கட்டிலோடு கோயில் மேட்டுக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டு, கொடுவாளையும் மண்வெட்டியையும் எடுத்தேன். கரைமேல் தலைவி குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்க ஆயா?"

"ஆட்டுக்குத் தழ ஒடிக்க."

"உங்களுக்கு ஆடே இல்லியே."

"அத உத்தரவு வந்தா வாங்கிக்குறேன்."

அவள் ஏரியைப் பார்த்தாள். பிறகு ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு என் மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

நாங்களே மிதித்த மண், கல்லாக இறுகியிருந்தது. ஓர் இடத்தில் வழி விட்டதும் தண்ணீர் முள்ளையெல்லாம் வாரிக்கொண்டு பாய்ந்தது. கரை தப்பியது, தெரு தப்பியது. நாத்தனாரின் பின்சுவர் மட்டும் அன்று சாயங்காலமே விழுந்தது, கட்டில் கிடந்த இடத்தின் மேல்.

அப்புறம் மேலிருந்து கடிதம் வந்தது. உத்தரவில்லாமல் கலங்கலைத் தொட்டது யார்? பதில் சொல்லும்வரை பணம் கிடையாது, இனி யாரும் அங்கே கை வைக்கவும் கூடாது. அதோடு சங்கத்துக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. இப்போது கலங்கலில் வேலிகாத்தான் ஆள் உயரம் நிற்கிறது. இந்தப் புரட்டாசியில் வெட்டுவதற்கு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "உத்தரவு வந்துச்சா ஆயா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

சாத்திய கதவுகளுக்கு வெளியே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "போன தபா கலங்கல தொறந்தது யாருன்னு கேட்டாங்கல்ல, வள நோண்டுற நண்டுன்னு எழுதிக் குடுங்க. கெழட்டு நண்டு. ஆனா அடுத்த மழைக்கு அத நம்பிக்கினு படுத்துனு கெடக்காதீங்க. அதுக்கு இப்பல்லாம் கண்ணு செரியா தெரியல."