தண்ணீருக்குப் பயந்தவள்

மழைக்கோட்டுக் கடையில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான். அந்தக் கடையில் புதிதாக எதுவும் விற்பதில்லை. பழைய மழைக்கோட்டு, கூடாரத் துணி, படகுக்காரர்களின் கால்சட்டை என்று தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்த சாமான்கள் வரும். கிழிசலை அடைத்து, தையலுக்கு மேல் பட்டை ஒட்டி, மெழுகு ஏற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். முன்னறையில் கவுண்டர், பின்னறையில் நீள மேசை, மெழுகு உருக்கும் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி. பின்னறை முழுக்க மெழுகக்காவின் ராஜ்யம். வாய் கொஞ்சம் நீளம். மலிவாகக் கிடைத்தது என்று முதலாளி வாங்கிப் போட்ட பசையை முகர்ந்து பார்த்து, "இதை வெச்சு ஒட்டினா கோட்டு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் உயரக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிற்றுக்கும் கிரீஸுக்கும் நடுவில் நிற்கிற வேலை. மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன வருஷம், கூட வேலை செய்தவர் ஒருவர் அவனை ஆற்றுக்கு அழைத்துப் போய், அங்கே மீன் பிடிக்கிற கிளப்பில் சேர்த்துவிட்டார். மலையடிவாரத்தில் ஓடுகிற குளிர்ந்த ஆறு. அங்கே புழுவோ மாவோ வைத்து மீன் பிடிப்பதில்லை. சின்ன முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, பார்த்தால் ஈ மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். அதைத் தண்ணீர்மேல் பூப்போல விழும்படி வீச வேண்டும். நிஜமான பூச்சிதான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி மீன் மேலே வந்து கவ்வும். ஆனால் ஈ மிதக்க வேண்டும். நனைந்து முழுகிவிட்டால் மீன் அதைச் சீண்டாது.

அவனுடையது முழுகியது. முதல் சில வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"கல்லு மாதிரி முழுகுதும்மா. ரெண்டு வீச்சு நல்லா நிக்குது. அப்புறம் போச்சு. பக்கத்துல இருக்கறவனுக்கெல்லாம் நிக்குது, எனக்கு மட்டும் நிக்கல."

"இங்க குடுங்க, பாக்கலாம்" என்றாள் அவள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. தண்ணீரைத் துணிக்குள் விடாமல் இருப்பது அவள் தொழில். துணிக்குப் பதில் இறகு, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அவ்வளவுதான் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. கோட்டுக்குப் பூசுகிற மாதிரி பூசினால் இறகின் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈ குச்சியாகிவிடும். மெழுகை நகக்கண் அளவு சீவி, கறை எடுக்கிற ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, ஈயை ஒரு தடவை முக்கி எடுத்து, ஊதி, ஒரு ராத்திரி காற்றாடத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிட் பறந்துவிடும், மெழுகு மயிரிழை மயிரிழையாகத் தங்கும். வாத்தின் வால்பக்கத்துப் பூஞ்சிறகில் கட்டிய ஈக்கு மெழுகே கூடாது. அதில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, மேலே எதைத் தடவினாலும் கெட்டுப்போகும். மீன் கவ்விய ஈயில் வழவழப்பு ஒட்டியிருக்கும். முதலில் அதை ஆற்றுத் தண்ணீரிலேயே அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் புரட்ட வேண்டும். அந்தப் பொடியையும் அவளே செய்தாள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் இழுக்க ஒரு பொட்டலம் போட்டிருப்பார்களே, அதைச் சேர்த்து வைத்து அம்மியில் மாவாக்கினாள்.

பிறகு ஈ கட்டவும் பழகினாள். கடையில் மிஞ்சிய ஆரஞ்சு நிறத் தையல் நூலால் கடைசி முடிச்சைப் போடுவாள். சனிக்கிழமை மாலை சமையலறை ஜன்னல் கம்பியில் ஈக்கள் வரிசையாகக் காயும். ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பி வந்ததும், நசுங்கியவற்றைக் கெட்டில் ஆவியில் காட்டுவாள். மடங்கிய இறகு சோம்பல் முறித்து எழுந்திருக்கும். அவன் தேநீரோடு எதிரே உட்கார்ந்து ஆற்றைப் பற்றிச் சொல்வான். பாறைக்குப் பின்னால் எப்படிச் சுழிக்கிறது, வெயில் எப்போது தண்ணீர்மேல் விழுகிறது, எல்லாம். அவள் கேட்டுக் கேட்டு அந்த ஆற்றை மனப்பாடம் செய்தாள்.

ஒருநாள் கேட்டாள். "ஒரு தடவை நானும் வரேனே."

"கிளப்புல பொம்பளைங்களைச் சேர்க்க மாட்டாங்கம்மா. ரூலாவே போட்டிருக்கான். பழைய காலத்து ஆளுங்க, சொன்னாக் கேக்க மாட்டானுங்க."

"பாக்கறதுக்குக்கூடவா?"

"கரையிலயே விட மாட்டானுங்க."

நாலு திட்டுத் திட்டினாள், விட்டுவிட்டாள். ஆனால் ஆசை விடவில்லை. அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவனுடைய பழைய தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்சந்துக்குப் போவாள். நுனியில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு. குப்பைத் தொட்டி மூடியைக் குறி வைத்து வீசுவாள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தொட்டில என்ன மீன்?" என்று கேட்பார். "குப்பை மீன்தான். உங்களுக்கும் ரெண்டு தரட்டா?" என்பாள். இப்படிப் பல வருஷம் போயிற்று.

ஒரு மழை நாளில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மாட்டு டாக்டர். மெழுகுக் கோட்டு ஒன்றைக் கவுண்டரில் போட்டாள். தோள் கசிகிறதாம். முன்னறையில் ஆள் இல்லாததால் மெழுகக்காவே வந்து கோட்டை விரித்துப் பார்த்தாள். சட்டைப்பைக்கு மேலே ஒரு ஆட்டுத்தோல் துண்டு தைத்திருந்தது. அதில் ஒரு ஈ குத்தியிருந்தது. சாம்பல் இறகு, ஆரஞ்சு முடிச்சு.

"இது ஏதும்மா?" என்றாள்.

"மீன் பிடிக்கிற ஈ, அக்கா. எங்க கிளப்புல ஒருத்தர் குடுத்தார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். அவரே கட்டறது. அவர் ஈ மட்டும் முழுகவே முழுகாது. எப்படின்னு கேட்டா சிரிப்பார், சொல்ல மாட்டார்."

மெழுகக்கா கோட்டின் தோள் தையலை விரலால் நீவினாள். நீவிக்கொண்டே, "உங்க கிளப்புல பொம்பளைங்களைச் சேர்ப்பாங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாக் கேட்டீங்க. கிளப்பை ஆரம்பிச்சதே ஒரு டீச்சரம்மாதான். ஆத்தங்கரைல கிளப் குடிசை இருக்கு, அதுல அவங்க படம் மாட்டியிருக்கு. பாதிப் பேர் குடும்பத்தோடதான் வருவாங்க."

"அந்த லிஃப்ட்காரரும் குடும்பத்தோட வருவாரா?"

"இல்லக்கா, பாவம். அவர் சம்சாரத்துக்குத் தண்ணின்னாலே பயமாம். சின்ன வயசுல கிணத்துல விழுந்து பொழைச்சாங்களாம். பாலத்து மேல பஸ் போனாக்கூடக் கண்ணை மூடிக்குவாங்களாம். அதைச் சொல்றப்போ அவர் முகமே வாடிப்போயிடும்."

மெழுகக்கா கிணற்றில் விழுந்ததில்லை. பாலத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எட்டிப் பார்ப்பவள். "செவ்வாய்க்கிழமை வாங்கம்மா, ரெடியா இருக்கும்" என்றாள். பின்னறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மெழுகு உருகித் தெளிந்து புகைய ஆரம்பித்த பிறகும் கிளறிக்கொண்டே நின்றாள். முதலாளி வந்து அடுப்பை அணைத்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஏங்க, இப்பல்லாம் எங்க பாத்தாலும் பொம்பளைங்க வந்துட்டாங்க. உங்க கிளப்புல இன்னுமா அந்த ரூல்?"

அவன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடியே, "போன மீட்டிங்ல நானே எடுத்துச் சொன்னேன். என் வீட்டுக்காரி ஆசைப்படறான்னு சொன்னேன். அசைய மாட்டேங்கறானுங்க" என்றான். கண் இமைக்கவில்லை. ரொட்டி தொண்டையில் சிக்கவில்லை.

பழைய பொய்யை அவள் எப்படியாவது ஜீரணித்திருப்பாள். ஏதோ அன்றைக்கு வாயில் வந்தது, பிறகு மாற்ற முடியாமல் போயிற்று என்று அவனுக்காக அவளே சமாதானம் தேடி வைத்திருந்தாள். இந்தப் புதுப் பொய்யில் அந்தச் சமாதானம் நின்ற இடம் தெரியாமல் போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை வழக்கம்போல ஈக்களின் இறகைக் கோதி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். மெழுகு மட்டும் ஏற்றவில்லை. பொடி டப்பாவில் சமையலறை மாவை நிரப்பினாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் அவன் பெட்டியைத் திறந்து பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆறு அவன் சொன்ன மாதிரி இல்லை. அவன் சொன்னதைவிட அகலமாக இருந்தது. குளிர்ந்த சத்தத்தோடு, கூழாங்கல் தெரியத் தெரிய ஓடியது. கரை நெடுக ஆட்கள். ஒரு குழந்தை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நடந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு கிழவியம்மா தூண்டில் நரம்பைச் சுருட்டினாள். கரையில் விட மாட்டார்கள் என்று நம்பியவள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில் அவன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். வீசினான். ஈ ஒரு கணம் நின்றது, முழுகியது. எடுத்து உதறினான். கழியை முன்னும் பின்னும் ஆட்டிக் காற்றில் உலர்த்தினான். பொடியில் புரட்டினான். மாவு பசையாகிக் கையெல்லாம் ஒட்டியது. அவன் விரலை மாறி மாறித் துடைத்ததைப் பார்த்தபோது சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. என்ன கோளாறு என்றுகூட அவனுக்குத் தெரியவில்லையே என்று மட்டும் தோன்றியது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தவன், அவள் கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மாட்டு டாக்டர்தான் முதலில் அவளைக் கண்டாள். மெழுகு மின்னும் கோட்டோடு மேலேறி வந்தாள்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"என் வீட்டுக்காரரைப் பாக்க வந்தேன்ம்மா" என்று கையைக் காட்டினாள்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த மெழுகக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டவள் போல முகம் சிவந்து, கீழே இறங்கிப் போனாள்.

அவன் கரையேறி வந்தான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

"பஸ்லயா வந்தே?" என்றான்.

"ஆமா. பாலத்து மேலதான் வந்துச்சு. கண்ணை மூடிக்கல."

அடுத்த பஸ்ஸில் இருவரும் திரும்பினார்கள். வீட்டில் கதவைச் சாத்தியதும் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன்னை அங்க கூட்டிட்டுப் போயிருந்தா, ஒரே வாரத்துல எல்லாரும் உன்னைத்தான் சுத்தி நின்னிருப்பாங்க. கடையிலயும் நீதான், தெருவுலயும் நீதான். எனக்குன்னு ஒரு இடம் வேணும்னு தோணுச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாமே. நான் எனக்குத் தனியே போறேன், நீ வராதேன்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா? கோவப்பட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

அவன் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தான்.

"கிணத்துல தள்ளிவிட்டீங்களே என்னை. அதுவும் சின்ன வயசுலேயே."

மகள் போனில் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா வேற யாரோடயாவது சுத்தினாரா? இல்லல்ல? மீன் விஷயம்மா இது" என்றாள். அண்ணி நேரிலேயே வந்தாள். "குடிக்கல, அடிக்கல, எவ பின்னாடியும் போகல. இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"  வேறு ஒருத்தி விஷயமென்றால் எல்லோரும் அவளோடு சேர்ந்து அழுதிருப்பார்கள். இவளுடைய இடத்தில் அவன் வைத்தது ஒரு பயந்தாங்கொள்ளியை. இல்லாத அந்த ஒருத்திக்காக ஆற்றங்கரையில் ஊரே பரிதாபப்பட்டது. அந்த நேரமெல்லாம் இருந்தவள் சந்தில் குப்பைத் தொட்டிக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் அரித்தது. அவன் முன்பு சொன்ன ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நெருடிப் பார்க்க ஆரம்பித்தாள். ஓவர்டைம் என்று சொன்ன நாட்கள், அவள் அம்மாவின் சாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது, எல்லாம். எங்கே கசிகிறது, எங்கே கசியவில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்டாக இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்பாள்.

அந்தக் கோடையில் அவள் கிளப்பில் சேர்ந்தாள். அவன் விலகிக்கொண்டான். சில மாதம் கழித்து, ஊருக்குக் கிழக்கே ஏரிப் பக்கம் போக ஆரம்பித்தான். ரப்பர் நுரையில் செய்து கடையில் விற்கிற ஈ, எதுவும் பூச வேண்டாம், தானாக மிதக்கும். சேர்ந்தேதான் வாழ்ந்தார்கள். அவள் அவன் கோட்டுக்கு மெழுகு போட்டுக் கொடுத்தாள், அவன் அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டான். ஜன்னல் கம்பியில் காய்ந்த ஈக்கள் இப்போது அவளுடையவை மட்டும்.

முதல் மீன் இலையுதிர் காலத்தில் கிடைத்தது. பாறைக்குக் கீழே, சுழல் ஓய்கிற இடத்தில் ஈ நிமிர்ந்து மிதந்து வந்தது. தண்ணீர் ஒரு பொத்தான் அளவுக்குக் குழிந்தது, கழி வளைந்தது. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டாள். மற்றவர்கள் தூரத்திலிருந்து கை தட்டினார்கள். அவள் கல்மேல் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இது இத்தனை வருஷமாக இங்கேயே, பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது என்ற ஆத்திரம்தான் அவளை அழ வைத்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் கெட்டிலை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தான்.

"மீன் ஏதாவது?" என்று கேட்டான்.

சொல்ல நிறைய இருந்தது. அந்தக் குழிவு, அந்த வளைவு, கைக்குள் அது துள்ளிய வேகம். அவனைத் தவிர வேறு யாருக்கும் அது முழுசாகப் புரியாது என்றும் அவளுக்குத் தெரியும்.

"ஆறு நல்லா இருந்துச்சு" என்றாள். ஈரக் காலுறையைப் பிழிந்து கொடியில் போடக் கொல்லைப்பக்கம் போனாள்.