எந்த வழி என்று கேட்கக்கூடாது

மலையேறப் போகிறவன் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் அந்தக் காலத்தில் மூச்சுவிடாமல் அரைமணி நேரம் பேசுவேன். தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். நாடா போட்டுக் கட்டாத ஒரு காகிதம் என் கையைவிட்டுப் போகாது. அதே புத்தியைத்தான் மலைக்கும் கொண்டுபோனேன்.

மறுபுறம் மலையாளச் சீமை தெரிகிற உச்சிவரை போய்த் திரும்ப வேண்டும் என்பது எனக்கும் தறி நெய்யும் என் நண்பருக்கும் பல நாள் ஆசை. அவர் என்னைவிட மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மேலே போக இரண்டு தடம் உண்டு. கடையம் பக்கம் ஏறினால் வறண்ட மேடு, சுரைக்குடுக்கையில் தண்ணீர் சுமந்து போக வேண்டும். குற்றாலத்தில் ஏறிச் செண்பகாதேவிக்கு மேலே போனால் ஓடை கூடவே வரும், அட்டையும் கூடவே வரும். சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழை பிடிக்குமுன், புரட்டாசியில் குற்றாலம் வழியாகப் போவதென்று முடிவு செய்தோம்.

ஒரு மாதம் காலையில் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குத்துக்கல்வலசைவரை நடந்து திரும்பினேன். வழியில், "என்ன குமாஸ்தாவே, மணல் யாவாரம் தொடங்கியாச்சா?" என்று கேட்காத வாய் இல்லை. புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்கினேன். கணுக்காலில் சுற்றும் துணியை அட்டைக்காகப் புகையிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். தீப்பெட்டியை மூங்கில் குழாயில் போட்டு மெழுகால் அடைத்தேன். மூன்று நாளைக்கு அவலும் கருப்பட்டியும் அளந்து கட்டி, தனியாக இன்னும் ஒரு நாளைக்கும் முடிந்துகொண்டேன். ஒருவரை விட்டு ஒருவர் போகக்கூடாது, அடிபட்டால் தண்ணீர் பக்கத்திலேயே உட்கார்ந்து புகை போட வேண்டும் என்று அண்ணாச்சிக்குப் பாடம் வேறு நடத்தினேன்.

என் மனைவியிடம் மட்டும் மலைக்குப் போகிறேன் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்ட காரியத்தை முன்கூட்டிச் சொன்னால் தடைப்படும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

புறப்படும் காலையில் மூட்டையைத் தூக்கி வாசல்படி தாண்டினேன். பின்னாலிருந்து, "எந்த வழியா போறிய?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "ஏட்டி, கால எடுத்து வைக்கையில எங்க போறிய, எந்த வழின்னு கேக்கியே, போற காரியம் வெளங்குமா?" என்று கத்தினேன். புறப்படுகிறவனை அப்படிக் கேட்பது சகுனத்தடை. கேட்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதையெல்லாம் விறைப்பாகச் செய்துவிட்டு, பதில் சொல்லாமலேயே இறங்கினேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், ஓடையைத் தாண்டும்போது பாசிப் பாறை என்னை வாரிவிட்டது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. ஊன்ற முடியவில்லை.

"நீங்க கீழ போய் ஆளக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஒருத்தர விட்டு ஒருத்தர் போகக்கூடாதுன்னு சொன்னது நீதான தம்பி? அந்தி சாஞ்சா ஆனை எறங்கும். ரெண்டு பேரும் இங்கனயே இருப்போம்" என்று சுள்ளி பொறுக்கப் போனார்.

புகை எழுந்தது, மரக்கிளைகளுக்கு மேலே போகாமல் அங்கேயே கலைந்தது. அண்ணாச்சி சாதாரணமாகத்தான் கேட்டார். "நாளைக்கு நாம வரலைன்னா தேடுவாவ. எங்க வீட்டுல உன்கூடப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன். நீ தடத்தச் சொல்லியிருக்கேல்லா?"

நான் இன்னொரு சுள்ளியை ஒடித்துப் புகையில் போட்டேன். அவர் புரிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மெழுகு, புகையிலை, கருப்பட்டி என்று ஒன்றுவிடாமல் கட்டி வந்தவன், வீட்டில் அவள் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதிலை மட்டும் வைத்துவிட்டு வரவில்லை. கடையம் பக்கம் தேடப் போனார்கள் என்றால் எங்கள் எலும்புதான் கிடைக்கும். பயந்தேன். அவளிடம் கத்தியதற்காக வெட்கமும் பட்டேன்.

மூன்றாம் நாள் போயிற்று. நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காலை, கடைசி அவலை அண்ணாச்சி இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து "அத்தான்" என்று கூப்பிடும் குரல் கேட்டது. என் மைத்துனன். பின்னால் விறகு வெட்டப் போகிறவர்கள் இரண்டு பேர்.

"இந்தத் தடம்னு எப்படிலே தெரிஞ்சுது?" என்றேன். முதலில் கேட்டது அதைத்தான்.

"எனக்கு என்ன தெரியும்? அக்காதான் சொன்னா. சுரைக்குடுக்க ரெண்டும் ஆணியிலயே தொங்குது, அது இல்லாம கடையத்து மேட்டுக்கு நீங்க போகமாட்டியளாம். கால்துணியப் பொகையிலத் தண்ணியில முக்குனிய, அது அட்டைக்கு. அப்பம் குத்தால ஓடைதான்னா. அளந்த அவல் மூணு நாளைக்கு, அதுனால நாலாம் நாள் விடியவே கிளம்புன்னுட்டா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேட்டியைக் கம்பில் தூளியாகக் கட்டி என்னைச் சுமந்து இறக்கினார்கள். வீட்டில் அவள் வெந்நீர் வைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறு வருஷம் அதே புரட்டாசி, அதே மூட்டை. அண்ணாச்சி தெருவில் காத்து நின்றார். நான் வாசல்படியில் நின்றுவிட்டேன்.

"கேளு" என்றேன்.

"எத?"

"அதத்தான்."

அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள். "கேட்டா ஒக்காந்து தண்ணி குடிக்கணுமே."

"குடிக்கேன். கேளுட்டி."

"எந்த வழியா போறிய?" மெதுவாகத்தான் கேட்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு வாய் அல்ல, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தேன். குற்றாலம் வழியா, ஓடையை விடாம உச்சிவர, வந்த வழியே திரும்பி, மூணாம் நாள் சாயந்திரம் என்று சொன்னேன். அவள் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயந்திரம் நான் வாசலில் கால் வைத்தபோது, அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.