சக்கியில கேட்ட குரல்

பேய் பிசாசுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது மாலா, முன்னாடியே சொல்லிட்டேன். கல்யாணமாகி தாராவிக்கு வந்ததுலேர்ந்து இந்தச் சந்துல எத்தனை பேருக்குச் சாமி வந்துருக்கு, எத்தனை பேருக்கு எலுமிச்சம்பழம் அறுத்துருக்காவ, நான் ஒருநாளும் எட்டிப் பாத்ததில்ல. நீ புதுசா குடிவந்தவ, இவளுக்குக் கிறுக்குன்னு நெனச்சாலும் நெனச்சுக்கோ. நடந்தது நடந்ததுதான்.

எங்க வீட்டுக்காரவுக தோல்பை தைக்கிறவுக, ஒனக்குத் தெரியும். குடி கிடையாது, பீடி கிடையாது. எப்பவோ வந்த மஞ்சக்காமாலை உள்ளயே இருந்து ஈரலைத் தின்னுட்டுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு சிரப் குடுத்தாரு, பாகு மாதிரி இனிக்கும். அதக் குடிச்சா நாளைக்கு மூணு நாலு தடவ வயித்தால போகும், போனாத்தான் ஒடம்புல சேர்ற கெட்டது வெளியேறும்னாரு. நம்ம பொதுக் கக்கூஸ் வரிசை அவருக்கு எங்க தெரியும்? இவுக ஒழுங்கா குடிக்கேன்னுதான் சொன்னாவ, பாட்டிலும் கொறஞ்சுது, நானும் நம்பிட்டேன். பாத்திரம் கழுவுற மோரியில மட்டும் ஏன் இப்பிடி எறும்பு மொய்க்குன்னு பாத்தேன், பாத்து எறும்புப்பொடி போட்டேன், அம்புட்டுதான் என் புத்தி.

அப்புறம் ஆளே மாறிட்டாவ. ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருக்கது, பகல்ல தூங்குறது. கத்திரிக்கோல அரிசி டப்பாவுல போட்டுட்டு என்னை ஏசுதாவ. சட்டைக்குப் பித்தான் போடத் தெரியல, பேச்சு குழறுது. கைய நீட்டுனா காக்கா றெக்கை மாதிரி படபடங்குது, மூச்சுல அழுகுன பழ வாடை. அவுக தங்கச்சி பாண்டுப்லேர்ந்து வந்து பாத்துட்டு, "மதினி, இது காத்து சேட்டைதான், வெள்ளிக்கிழமை மந்திரிச்சிருவோம்"ன்னா. போடி கூறுகெட்டவளேன்னு சொல்லிட்டேன். ஆனா உள்ளுக்குள்ள பயம் புடுங்கித் தின்னுச்சு மாலா.

மறுநா மத்தியானம் அசந்து தூங்குனாவ. "எழுப்பாதீங்க மதினி, நான் இருக்கேன்"ன்னா தங்கச்சி. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. கோதுமையத் தூக்கிட்டு மாவு அரைக்கச் சக்கிக்குப் போனேன். சக்கி ஓடுனா பக்கத்துல நிக்கறவ கத்துனாலும் கேக்காதுல்லா? அந்தச் சத்தத்துக்குள்ள, என் காதுக்குப் பின்னால, "ஏட்டி பூசணி, வா"ன்னு ஒரு குரல்.

சிரிக்காதளா. கல்யாணமான புதுசுல நான் குண்டா இருப்பேன், அப்ப அவுக வச்ச பேரு. எங்க ரெண்டு பேரத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. அதுவும் குழறுற குரல் இல்ல, பழைய குரலு, கணீர்னு. திரும்பிப் பாத்தா சக்கி ஓட்டுற வடக்கத்திக்கார பையாதான் மாவு அள்ளிட்டு நிக்கான். கோதுமைய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்தேன்.

வந்து பாத்தா அதே தூக்கம். "அண்ணன் வாயே தொறக்கல மதினி"ன்னா அவ. உலுக்குனேன், கிள்ளுனேன், மூஞ்சியில தண்ணி அடிச்சேன், கண்ணு தொறக்கல. டாக்சி புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறிட்டு, இது தூக்கம் இல்லம்மா, தூங்குதாருன்னு விட்டிருந்தா ஆளு போயிருப்பாருன்னாரு டாக்டர். கை படபடத்தது, பகல் தூக்கம், வாடை, எல்லாத்துக்கும் காரணம் சொன்னாரு. எறும்புக்கு நானே கண்டுபுடிச்சேன், வரிசையில நிக்க வெக்கப்பட்டு மனுசன் சிரப்ப மோரியில ஊத்திருக்காவ. குரலுக்கு யாருட்ட போய்க் கேக்க?

கடவுள் புண்ணியத்துல பொழச்சு வந்துட்டாவ. ஒருநா சோறு போடும்போது, "நீங்க பூசணின்னு கூப்புட்டிய, அதான் ஓடியாந்தேன்"ன்னேன். என்னை உத்துப் பாத்தாவ. "பூசணியா? யாருட்டி அது?"

வெளையாடுதாவளோன்னு பாத்தேன், இல்ல. என் பேரு செல்லக்கனின்னு தெரியுது, பிள்ளைய பேரு தெரியுது, அது மட்டும் சுத்தமா போயிட்டு. நான் மோரிக்குள்ள போய் உக்காந்து அழுதேன்.

அதோட விட்டுச்சா? போன மாசம் சக்கியில மறுபடியும் அதே குரல், அதே பேரு. விழுந்தடிச்சு ஓடியாந்தா இவுக உக்காந்து தோல் வெட்டிட்டு இருக்காவ. கைய நீட்டுங்கன்னேன், நீட்டுனாவ, ஆடல அசங்கல. சிரப்பும் என் கையாலதான் குடுத்துட்டுப் போயிருந்தேன். "என்ன செல்லக்கனி, பேயறஞ்சவ மாதிரி நிக்க?"ன்னு சிரிக்காவ.

இவுகளுக்குத்தான் அந்தப் பேரு தெரியாதே மாலா, அப்ப கூப்புட்டது யாரு? இப்ப எனக்குச் சக்கிக்குப் போகவும் பயமா இருக்கு. போகாம இருந்து, அது கூப்புடுற அன்னைக்கு நான் அங்க இல்லாமப் போயிட்டா என்ன செய்யன்னும் பயமா இருக்கு.