அம்மா கிள்ளியதாகச் சொன்ன மகள்

பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட நீள மேஜையில்தான் அவளுக்கு வேலை. டாக்டர் முன்னறையில் நோயாளியின் வாயை அச்செடுத்துக் கொடுப்பார். இவள் அதை பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் ஊன்றி, தேய்த்து, மெருகேற்றி முழு செட்டாகத் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பொக்கை வாயோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பல்லைக் கட்டியது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை, அல்லது எதிர்பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா ஒரு காலத்தில் பெரிய சினிமா நட்சத்திரம். முதல் படத்தில் கொட்டுகிற மழையில் ஓடி வந்த ஓட்டத்துக்காக ரசிகர்கள் அவருக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது வருடம் கதாநாயகி. அதன் பிறகு கதாநாயகனின் அக்கா, அதன் பிறகு அம்மா. கடைசிப் படத்தில் செத்துப்போன அம்மாவாகச் சுவரில் தொங்கும் வெறும் புகைப்படம். "அந்த போட்டோவுக்கும் ரெண்டு மணி நேரம் மேக்கப் போட்டேன். வசனம் மறந்து போகுமோன்னு பயம் இல்லாம நடிச்சது அது ஒண்ணுதான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு வாய்த்தது அப்பாவின் முகம். அப்பா கேமரா உதவியாளராக இருந்தவர், நல்ல மனிதர், ஆனால் முகம் சப்பட்டை. பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும், "இது மின்னலோட பொண்ணு" என்று யாராவது சொன்னால், எதிரில் இருப்பவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அப்படியா" என்பார். அந்த "அப்படியா"வில் எல்லாம் அடங்கியிருக்கும். பதினாலு வயதில் ஒரு நாள், கூடம் நிறைய விருந்தாளிகள் உட்கார்ந்திருக்க, அவள் டீ தட்டோடு உள்ளே வந்தாள். யாரோ ஜாடையைப் பற்றிக் கேட்டார்கள். "அவ அப்படியே அவங்க அப்பா. பாவம், என்ன பண்றது" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா அதை அடுத்த நிமிடமே மறந்துவிட்டார். அவள் டீயைச் சிந்தாமல் ஒவ்வொருவருக்கும் கொடுத்து முடித்தாள், ஆனால் மறக்கவில்லை.

அப்பா போன பிறகு அம்மா அவளோடும் அவள் கணவரோடும்தான் இருந்தார். அவளுக்கு நாற்பத்தேழு வயதான வருடம், ஒரு தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய நட்சத்திரங்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேச வைக்கும் நிகழ்ச்சி. அம்மா சந்தோஷமாக அனுப்பி வைத்தார். "லைட்டைப் பார்த்து முழிக்காதே. கேக்கிறவங்க முகத்தைப் பார்த்துப் பேசு" என்று பாடம் வேறு எடுத்தார்.

முதலில் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் மேக்கப்பைக் கலைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவார் என்றாள். தன் படத்தைத் திரையில் பார்க்கக் கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்து போய்விடுவார் என்றாள். பேட்டி எடுத்த பெண் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. பின்னால் நின்ற ஒருவன் கொட்டாவி விட்டான்.

"சின்ன வயசுல நீங்களும் ஒரு படத்துல நடிச்சீங்களாமே?" என்று அந்தப் பெண் கேட்டாள், கேட்க வேண்டுமே என்று.

"ஆமா. ஆறு வயசு. தூக்கத்துல இருந்து எழுந்து அழணும். எனக்கு அழுகையே வரல." ஒரு நொடி நிறுத்தினாள். "அம்மா என் தொடையில கிள்ளினாங்க."

அந்தப் பெண் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். கொட்டாவி விட்டவன் நிமிர்ந்தான். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பார்வையை யாரும் அவள் மேல் வைத்ததில்லை. அதற்குப் பிறகு அவள் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ரத்தம் கட்டியது என்றாள். இரண்டு வாரம் நடக்க முடியவில்லை என்றாள். கண், காது, மூக்கு எல்லாம் வைத்து முழுதாகச் சொல்லி முடித்தபோது, பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கிள்ளியது உதவி இயக்குநர். ஷாட் முடிந்து உடை மாற்றும்போது அம்மா அந்தச் சிவந்த தடத்தைப் பார்த்துவிட்டார். பாதி மேக்கப்போடு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நாற்பது பேர் முன்னால் அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். "விடும்மா, ஷாட் பிரமாதமா வந்திருக்கு" என்றார் இயக்குநர். அம்மா குழந்தையோடு காரில் ஏறிவிட்டார். மூன்று நாள் படப்பிடிப்புப் பக்கமே போகவில்லை. அந்த நிறுவனத்தின் அடுத்த இரண்டு படங்கள் கைநழுவிப் போயின. கோபக்காரி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒரே வருடத்தில் அம்மா அக்கா வேடத்துக்கு வந்துவிட்டார். அப்பா உயிரோடு இருந்தவரை இந்தக் கதையை நூறு தடவையாவது பெருமையாகச் சொல்லியிருப்பார்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. அவள் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. வீங்கிய காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். நடுவில் எழுந்து போகவும் இல்லை. முடிந்ததும் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கலர் உனக்கு நல்லா இருந்துச்சு. லைட்டுதான் சரியா போடல" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு டீ தட்டுக் கதையை எடுத்துப் போட்டிருப்பாள். அம்மா அதற்கு இடமே கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லாம் ஆரம்பித்தது. மருந்துக் கடைக்காரர் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்யும் பெண்கள், அம்மா வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்துப் பள்ளியின் ஆண்டு விழாவில் அம்மா பரிசு கொடுப்பதாக இருந்தது. ஒரு மாதமாக என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை போன் செய்து, விழாவைத் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொன்னார். விழா சொன்ன தேதியிலேயே நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் இவர்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வெங்காயம் நறுக்கினார்.

இன்னொரு தொலைக்காட்சிக்காரர்கள் அம்மாவின் பதிலைக் கேட்க வீட்டுக்கே வருவதாகச் சொன்னார்கள். அவளுக்கு அது தப்பிக்க ஒரு வழியாகப் பட்டது.

"அம்மா, உள்ளதைச் சொல்லிடு. நான் பொய் சொன்னேன்னு சொல்லு. நான் பக்கத்துலயே நின்னு ஆமான்னு சொல்றேன்."

"நீ காபியைப் போடு. நான் பார்த்துக்கறேன்."

அம்மா இரண்டு மணி நேரம் அலங்காரம் செய்துகொண்டார். கேமரா ஓடத் தொடங்கியது. அவள் சமையலறை வாசலில் நின்றாள். கேள்வி வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் தன் கைவிரல்களையே பார்த்தார்.

"ஆமா. கிள்ளினேன்" என்றார். "இந்த விரலாலதான். ஷாட் நல்லா வரணும்னு நினைச்சேனே தவிர, குழந்தைக்கு வலிக்குமேன்னு நினைக்கல. என் பொண்ணு இத்தனை வருஷம் அதை மனசுல வெச்சிருக்கான்னா, அது என் தப்பு." குரல் சரியான இடத்தில் உடைந்தது. வந்தவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

அவர்கள் போன பிறகு அவள் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பின்னே? உன்னைப் பொய்க்காரின்னு ஊரே பேசணுமா? நீ நாளைக்கு வேலைக்குப் போகணும், நாலு பேர் முகத்துல முழிக்கணும். எனக்கென்ன, என்னைப் பத்தி எழுதாததா? ரெண்டு தடவை செத்துப் போயிட்டேன்னே போட்டிருக்காங்க." கம்மலைக் கழற்றி டப்பாவில் போட்டார். "அன்னிக்கு நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அது போதும். போய் முகத்தைக் கழுவு."

அதோடு விட்டிருந்தால் எப்படியோ, அவளால் விட முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் ஒவ்வொருவராகப் பார்த்து உண்மையைச் சொல்லக் கிளம்பினாள். முதலில் மருந்துக் கடைக்காரர். அவர் கேட்டுவிட்டு நெகிழ்ந்து போனார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்பவும் பெத்தவங்களை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வரல பாருங்க. உங்க மாதிரி பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?" என்று ஒரு பொட்டலம் மாத்திரைக்குக் காசு வாங்க மறுத்தார். தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாடிப் பெண்களில் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தொலைக்காட்சியில் போன் எடுத்த பையன், "அது முடிஞ்சு போன மேட்டர் மேடம்" என்றான். உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் பெயர்தான் உயர்ந்துகொண்டே போனது. அம்மா கிள்ளிய கதை இன்னும் கெட்டியானது. ஒவ்வொரு வீட்டுப் படியிலிருந்தும், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போய் மேலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வருகிறவள் போலத் தலை குனிந்து இறங்கினாள்.

பத்து மாதம் கழித்து அம்மா காலமானார். ஒரு காலையில், செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் மழையில் ஓடும் அந்தப் படம் வந்தது. எல்லாவற்றிலும் மூன்றாவது பத்தியிலோ நான்காவது பத்தியிலோ அந்தக் கிள்ளலும் வந்தது. அவள் இல்லாவிட்டால் அந்த வரி இல்லை.

அவள் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். கிள்ளியது யார், அம்மா என்ன செய்தார், எத்தனை படங்களை இழந்தார் என்று நாலு பக்கம். வாசகர் கடிதப் பகுதியில், சாக்கடை அடைப்பைப் பற்றிய புகாருக்குக் கீழே, ஆறு வரியாகச் சுருக்கிப் போட்டார்கள். வீட்டில் கணவர் அதைப் படித்துவிட்டு, "போட்டுட்டாங்களே, இனிமேலாவது நிம்மதியா இரு" என்றார்.

அன்று மதியம் டாக்டர் பின்னறைக்கு வந்தார். டீ வேளையில் கதை பேச வருவதைத் தவிர, மற்ற நேரத்தில் அச்சை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறவர், நின்றார். கையில் அந்தப் பத்திரிகை இருந்தது.

"இது உண்மையா?"

"உண்மை சார்."

அவர் அவளைப் பாராட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார்.

"அப்புறம் ஏன் டிவியில அப்படிச் சொன்னீங்க?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுவரைக்கும் யாரும் என்னைக் கவனிக்கல சார். அதைச் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. அதுக்காகத்தான்."

யாராவது ஒருவர் நம்பினால் போதும், நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். டாக்டர் நம்பினார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. பத்திரிகையை மடித்துக்கொண்டு, "சரி" என்று சொல்லி முன்னறைக்குப் போனார். வேலை கொடுப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை, மரியாதையிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, டீ வேளையில் பின்னறைக்கு வந்து உட்கார்ந்து கதை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அவளுக்கு அது சரியென்றே பட்டது.